ஒளிவட்டமா, திருநீற்றுத் துகளா?

தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் காணக்கூடிய காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். படியேறிய கால்வலி இன்னும் தணிந்திராது. பால்குடம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். முதல் நாள் எடுத்த படங்களைக் குடும்பத்தார் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பர். திடீரென ஒருவருடைய விரல் நின்றுவிடும். காவடி சுமந்து நிற்கும் மகனின் தோளுக்கு மேலே, முழுநிலவைச் சிறிதாக்கி வைத்தாற்போல் வெண்மையாக ஒரு வட்டம்! படம் எடுத்த வேளையில் அவ்விடத்தில் விளக்கு ஏதும் இல்லை. அருகில் நின்ற எவரும் அப்படியொன்றைக் காணவும் இல்லை. பாட்டி கண்கலங்கிக் கைகூப்புகிறார். மாலைக்குள் அப்படம் உற்றார் உறவினர் அனைவருக்கும் சென்று சேர்கிறது. "முருகனே துணைக்கு வந்து நின்றான்" என்ற ஒரு வரியும் அதனோடு சேர்ந்து செல்கிறது.

இத்தகைய படங்கள் பத்துமலையில் மட்டும் கிடைப்பவை அல்ல. பினாங்கு தண்ணீர்மலையிலும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை செல்லும் காவடிகளின் நடுவிலும், சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத் தீமிதித் திடலிலும் இவை பதிவாகக்கூடியவையே. சிலர் இவற்றைத் தெய்வ ஒளி என்பர். சிலர் மறைந்த முன்னோர் வருகை என்பர். இன்னும் சிலர் தீய ஆவியோ என்று அஞ்சிப் பரிகாரம் தேடி அலைவர்.

இம்மூன்று முடிவுகளுக்கும் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வட்டம் படத்துக்குள் எவ்வாறு வந்தது? இக்கேள்விக்கு விடை உண்டு. அவ்விடை பக்திக்குப் பகையானதும் அன்று. அதனை அறிந்து வெளிப்படையாக எடுத்துரைப்பதே ஆலயங்கள் சமயத்துக்குச் செய்யும் நற்பணியாகும்.

வட்டம் பிறக்கும் விதம்

காலை வெயில் சன்னல் வழியே ஒரு கீற்றாக அறைக்குள் விழும்போது, அக்கீற்றில் எண்ணற்ற துகள்கள் மிதந்தாடுவதை யாவரும் கண்டிருப்பர். வெயில் படாத இடத்திலும் அதே துகள்கள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒளி இல்லாமையால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கேமராவின் பிளாஷ் விளக்கு செய்வதும் அந்த வெயில் கீற்றின் வேலையைத்தான்.

சிறிய டிஜிட்டல் கேமராக்களில் பிளாஷ் விளக்குக்கும் லென்சுக்கும் இடையே உள்ள தொலைவு சில சென்டிமீட்டர் மட்டுமே. கைத்தொலைபேசியிலோ ஒரு விரல் அகலத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். ஆகவே லென்சுக்குச் சற்று முன்னே மிதக்கும் தூசியின்மீது படும் ஒளி, தெறித்து நேரே லென்சுக்குள் திரும்பிவிடுகிறது. ஒளியின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது என்பது பள்ளிப் பாடம். படம் எடுக்கப்படும் பக்தர் 2 மீட்டர் தொலைவில் நிற்கிறார். துகளோ 5 சென்டிமீட்டர் தொலைவில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்தரைக் காட்டிலும் துகள் 40 மடங்கு அருகில் உள்ளது. எனவே அதன்மேல் விழும் ஒளி 1,600 மடங்கு வலிமை உடையது. கண்ணுக்குத் தெரியாத துகள் விளக்குப்போல் ஒளிர்வதற்குக் காரணம் இதுவே.

அது ஏன் புள்ளியாகத் தெரியாமல் வட்டமாகத் தெரிகிறது? லென்ஸ் அவ்வேளையில் பக்தரின் முகத்தைத் தெளிவாகக் காட்டும்படி குவிக்கப்பட்டிருக்கிறது. மிக அருகில் உள்ள துகள் அக்குவியத்தில் அடங்காமல் கலங்கிப் பரவுகிறது. அவ்வாறு பரவும் ஒளி, லென்சினுள் ஒளி நுழையும் துவாரத்தின் வடிவத்தையே பெறும். துவாரம் வட்டமானால் வட்டம். துவாரத்தைச் சுருக்கும் தகடுகள் அறுகோணமாக அமைந்தால் அறுகோணம். தெய்வத்துக்கோ ஆவிக்கோ அறுகோணத்தில் தோன்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை; கேமராவின் உள்ளமைப்புக்குத்தான் அத்தேவை உண்டு.

நேரில் நின்றவர் காணாததற்கும் காரணம் எளிது. பிளாஷ் விளக்கின் வெட்டொளி பெரும்பாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவான நேரமோதான் நீடிக்கிறது. அந்தக் கணத்தில் லென்சின் முன் ஓர் அங்குலத்திலும் இரண்டு அங்குலத்திலும் மிதக்கும் தூசியை எவர் கண்தான் காணும்?

முன்பு ஏன் இத்தனை இல்லை?

"பிலிம் ரோல் போட்டு எடுத்த காலத்தில் இப்படியெல்லாம் விழவில்லையே" என்று மூத்தோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அக்காலத்திலும் வட்டங்கள் விழுந்தன. ஆயினும் அரிதாகவே விழுந்தன. ஸ்டூடியோக்காரர் பயன்படுத்திய பெரிய கேமராவில் பிளாஷ் விளக்கு லென்சினின்று எட்டத்தில், மேலேயோ பக்கவாட்டுக் கைப்பிடியிலோ பொருத்தப்பட்டிருந்தது. லென்சின் குவியத் தொலைவு 35 அல்லது 50 மில்லிமீட்டராக இருந்ததால், அருகிலுள்ள தூசியின் ஒளி படம் முழுவதும் பரவி மங்கி, ஒன்றுமில்லாமல் போய்விடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவலாக விற்பனைக்கு வந்த சிறு டிஜிட்டல் கேமராக்களிலோ குவியத் தொலைவு 6 அல்லது 8 மில்லிமீட்டர் அளவே. அதனால் தூசியின் ஒளி சிறிய வட்டமாகத் திரண்டு, கண்ணில் படும்படி நின்றுவிடுகிறது. இக்கேமராக்களைத் தயாரித்த ஃபியூஜிஃபிலிம் போன்ற நிறுவனங்களே இதனைத் தங்கள் வாடிக்கையாளர்க்கு விளக்கிக் கூறியுள்ளன.

இன்னொரு காரணமும் உண்டு. பிலிம் ரோலில் 36 படங்கள்தான். கழுவி அச்சிடக் காசு செலவாகும். பழுதான படத்தை ஸ்டூடியோக்காரர் ஒதுக்கிவிடுவார். இன்றோ ஒரே நாளில் ஒரு குடும்பம் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒவ்வொன்றையும் விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறது. தேடுவோர் பெருகினால் கிடைப்பதும் பெருகும்.

இவ்வட்டங்களை நம்பத் தூண்டும் இரு தோற்றங்களையும் இங்கே கூறிவிட வேண்டும். சில படங்களில் வட்டம் பக்தரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். "லென்சுக்கு முன்னால் இருந்த தூசி எப்படி ஆளுக்குப் பின்னால் போகும்?" என்று கேட்கத் தோன்றும். வட்டம் என்பது படத்தின்மேல் கூடுதலாகச் சேர்ந்த சிறிதளவு ஒளியே. இருண்ட பின்னணியில் அது நன்கு தெரியும். வெள்ளை வேட்டியின்மீதோ வெண்சட்டையின்மீதோ விழும்போது, ஏற்கெனவே நிறைந்த வெண்மையில் கரைந்துவிடும். எனவே பாதி மறைந்தது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. அடுத்து, வட்டத்தினுள் முகம் தெரிவதாகச் சொல்வது. கலங்கிய வட்டத்துக்குள் வளையங்களும் புள்ளிகளும் அமைவது ஒளியின் இயல்பு. இரு புள்ளியும் ஒரு கோடும் இருந்தால் அதனை முகமாகக் கொள்வது மனித மூளையின் இயல்பு. மேகத்தில் யானையைக் காண்பதும் அந்த இயல்பினால்தான்.

ஆலயத்தில் ஏன் மிகுதி?

வட்டங்கள் கடைத்தெருவில் எடுத்த படங்களைக் காட்டிலும் ஆலயத்தில் எடுத்த படங்களில் மிகுதியாக விழுகின்றன என்பது பலரும் கூறும் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். அதற்குக் காரணமும் ஆலயத்திலேயே இருக்கிறது.

தைப்பூச நாளில் பத்துமலையில் என்னென்ன காற்றில் கலக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். நெற்றியிலும் உடலிலும் பூசிய திருநீறு, சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, ஊதுவத்திச் சாம்பல், இலட்சக்கணக்கான பாதங்கள் கிளப்பும் மண். 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நுழைந்தால், அது சுண்ணாம்புப் பாறைக் குகை. மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஈரக்காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி உருண்டையானது. பட்ட ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதில் தூசியினும் வல்லது. காவடிகள் பலவும் இரவிலும் விடியற்காலையிலும் ஏறுகின்றன. இருட்டில் கேமரா தானாகவே பிளாஷ் விளக்கைப் போட்டுவிடுகிறது. துகள் நிறைந்த காற்று, இருண்ட பின்னணி, அருகிலிருந்து வீசும் ஒளி ஆகிய மூன்றும் ஒருசேர அமையும் இடம் இதனினும் வேறு எங்கே கிடைக்கும்?

தீமிதித் திடலிலும் அவ்வாறே. பூக்குழியின் வெப்பக் காற்று சாம்பலை மேலே தூக்கிச் செல்கிறது. தணற்பொறிகளும் உடன் பறக்கின்றன. இரவு நேரத்தில் விளக்கை நாடி வரும் ஈசல்களும் கொசுக்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

ஆலயங்களில் பொருத்தப்பட்டுள்ள கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகளும் இவ்வகையில் சேர்ந்தவையே. நடை சாத்திய பின் நள்ளிரவில் கருவறையின் முன் வெண்கோளம் ஒன்று மிதந்து செல்வதாகக் காட்டும் காட்சிகள் அடிக்கடி சுற்றி வருகின்றன. இக்கேமராக்கள் இருளில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் பதிவு செய்கின்றன. அவ்வொளியை வீசும் சிறு விளக்குகள் லென்சைச் சுற்றியே அமைந்திருப்பதால், முன்னே பறக்கும் பூச்சியும் தூசியும் கோளமாக ஒளிர்ந்து மிதக்கின்றன. லென்சின்மேல் வலை பின்னும் சிலந்தி, பூதம்போல் பதிவாவதும் உண்டு.

எல்லா ஒளியும் தூசியன்று

தூசியைத் தவிர வேறு காரணங்களாலும் படத்தில் ஒளி தோன்றும். அவற்றைப் பிரித்தறிவது கடினமன்று.

முதலாவது, பிரதிபலிப்பு. அலங்கார விளக்கோ சூரியனோ படத்தின் ஒரு பக்கம் இருந்தால், லென்சினுள் உள்ள கண்ணாடிகளுக்கிடையே அவ்வொளி முட்டி எதிரொளித்து, படத்தின் மறுபக்கம் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு பொட்டாக விழும். இன்றைய கைத்தொலைபேசிகளில் பிளாஷ் இல்லாமலே இரவுப் படம் எடுக்க முடிவதால் தூசி வட்டங்கள் குறைந்துள்ளன. ஆனால் வெள்ளி இரதத்தின் மின்விளக்குகளை எடுக்கும்போது இப்பச்சைப் பொட்டுகள் பெருகியுள்ளன.

இரண்டாவது, கேமராவின் உணர்தகட்டில் உள்ள பழுது. இலட்சக்கணக்கான நுண்புள்ளிகளால் ஆன அத்தகட்டில் ஒன்றிரண்டு புள்ளிகள் ஒளி படாமலே ஒளிர்வதுண்டு. கருவி சூடேறினாலும், இருட்டில் நெடுநேரம் ஒளியை வாங்கினாலும் அவை கூடுதலாகத் தெரியும். இவை வட்டமாக இரா. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய நிறங்களில் ஊசிமுனைபோல் இருக்கும். இரத ஊர்வலத்தில் மேடைக் கலைஞர் பயன்படுத்தும் லேசர் ஒளி நேரே கேமராவுக்குள் பாய்ந்தால் இத்தகடு நிரந்தரமாகவே பழுதடையக்கூடும்.

மூன்றாவது, ஒளித்தூண். பழைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில், வலிமையான விளக்கு ஒன்று சட்டத்துக்குள் இருந்தால் அதன் மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஒளி வழிந்து, தூண்போல் நிற்கும். இதனைச் சிவபெருமானின் சோதி வடிவம் என்று கூறியவரும் உளர். உணர்தகட்டில் நிரம்பிய மின்னூட்டம் வரிசையாக நகர்த்தப்படும்போது ஏற்படும் கசிவே அது.

நான்காவது, கை நடுக்கம். இருட்டில் கேமரா அரை விநாடி திறந்திருக்கும்போது கை அசைந்தால், ஒவ்வொரு விளக்கும் ஒரு கோடு வரையும். எல்லா விளக்குகளும் ஒரே வடிவில் கோடு வரைந்திருந்தால் காரணம் கையே என்பது விளங்கும். அவ்வடிவம் ஒருகால் ஓங்காரத்தைப் போலவும், ஒருகால் நாகத்தைப் போலவும் அமைந்துவிடும்.

ஐந்தாவது, லென்சின்மேல் படிந்த எண்ணெய், வியர்வை, திருநீறு. தீபத்தைச் சுற்றிப் பெரிய ஒளிவளையமும் கதிர்களும் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சட்டைப் பையிலிருந்து எடுத்த கைத்தொலைபேசியைத் துடைக்காமல் படம் எடுப்போர் எத்தனை பேர்!

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

ஒரு படத்தில் விளங்காத ஒளி விழுந்திருந்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்து பார்த்தல் நலம்.

பிறர் அனுப்பிய பிரதியை விட்டு, முதலில் எடுத்த மூலப் படத்தையே ஆராய வேண்டும். செய்திச் செயலிகளின் வழி வரும் படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றியவை. மூலப் படத்தின் விவரக் குறிப்பில் பிளாஷ் விளக்கு எரிந்ததா, எத்தனை நேரம் ஒளி வாங்கப்பட்டது என்பவை பதிவாகியிருக்கும். பிளாஷ் எரிந்து, வட்டம் வெளிறித் தோன்றினால் தூசியே முதற் காரணமாகக் கொள்ளத்தக்கது.

அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். வட்டம் ஒரு படத்தில் இருந்து மறு படத்தில் மறைந்தோ இடம் மாறியோ இருந்தால் அது மிதக்கும் துகள். எல்லாப் படங்களிலும், எங்கே எடுத்தாலும், அதே மூலையில் ஒரு புள்ளி நின்றால் அது கருவியின் பழுது. லென்சை முற்றிலும் மூடிவிட்டு ஒரு படம் எடுத்தால், ஒளிரும் பழுதுப் புள்ளிகள் கறுப்புத் திரையில் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

பச்சைப் பொட்டாயின், படத்தில் உள்ள பெரிய விளக்கிலிருந்து படத்தின் நடு மையத்தின் வழியே ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். பொட்டு அக்கோட்டின் மறு முனையில் நின்றால் அது அவ்விளக்கின் பிரதிபலிப்பே. கேமராவைச் சற்று அசைத்தால் பொட்டும் எதிர்ப்புறமாக அசையும். விளக்கை உள்ளங்கையால் மறைத்தால் பொட்டு மறையும்.

ஐயம் இன்னும் தீராதோர், இரவில் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய தலையணையைத் தட்டிவிட்டு, பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். பத்துமலையில் கண்ட வட்டத்தின் உடன்பிறப்புகள் அங்கே டசன் கணக்கில் தோன்றும். பிறகு பிளாஷ் இல்லாமல் ஒன்று எடுக்கட்டும். தூசி அங்கேயே இருக்கும், வட்டங்கள் இரா.

ஐயமும் திரிபும்

இவ்வாறு சோதிப்பது மேனாட்டுப் பகுத்தறிவு என்றும், நம்பிக்கை உள்ளோர்க்குப் பொருந்தாது என்றும் சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றை உண்மை என்று கொள்வதற்குக் கருவி எது என்பதே அளவை இயல். அருணந்தி சிவாசாரியார் அங்கே காட்சியை எளிதாக ஏற்றுவிடவில்லை. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி என்பது அவர் வகுத்த நெறி. தொலைவில் நிற்பது கட்டையா ஆளா என்று துணிய இயலாமை ஐயம். கயிற்றைப் பாம்பென்றும் கிளிஞ்சிலை வெள்ளியென்றும் கொள்வது திரிபு.

கண்ணால் நேரே கண்டதற்கே இத்தனை கட்டுப்பாடு விதித்த மரபு, கருவி கண்டதை ஆராயாமல் ஏற்குமா? துகளைத் தெய்வம் எனக் கொள்வது கயிற்றைப் பாம்பென்று கொள்வதற்கு ஒப்பான திரிபுக் காட்சியே. அதனை நீக்குவது நாத்திகம் அன்று. சாத்திரம் கற்பித்த ஒழுங்கு.

"இதனால் யாருக்கு என்ன கேடு?"

மறுப்போர் கூறும் வலிமையான வாதம் இது. ஒரு தாய் தன் மறைந்த மகனை அவ்வட்டத்தில் காண்கிறாள், ஆறுதல் கொள்கிறாள். அந்த ஆறுதலை ஏன் பறிக்க வேண்டும்? இவ்வாதத்தை இகழ்ந்து தள்ளுதல் ஆகாது. துயருற்றவளின் முன் குவியத் தொலைவைப் பற்றிப் பேசுவது பண்பும் அன்று. அவளாகக் கேட்கும்வரை காத்திருப்பதே நாகரிகம்.

ஆனால் அந்த ஆறுதலின் பின்னால் வருபவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1860களில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் வில்லியம் மம்லர் என்பவர், உயிரோடிருப்பவரின் படத்தில் இறந்தவரின் உருவம் மங்கலாகத் தோன்றுவதாகக் காட்டிப் பொருள் ஈட்டினார். உள்நாட்டுப் போரில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இழந்தோர் நிறைந்த காலம் அது. 1869ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்குத் தொடரப்பட்டது. போதிய சான்று இல்லாமையால் அவர் விடுவிக்கப்பட்டார். புகைப்படக் கலை பிறந்து அரை நூற்றாண்டு நிறையுமுன்பே, துயரத்தை விலையாக்கும் வணிகமும் அதனோடு பிறந்துவிட்டது. மம்லர் ஏமாற்றினார்; கைத்தொலைபேசியில் வட்டத்தைக் கண்ட குடும்பம் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு, வட்டத்தின் நிறத்தைப் பார்த்துப் பலன் கூறுவோரும், கறுத்த வட்டமாயின் தோஷம் என்று பரிகாரத்துக்குத் தொகை பேசுவோரும் வந்து சேர்வது எளிது.

இளையோரையும் நினைவிற் கொள்ள வேண்டும். பள்ளியில் இயற்பியல் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை, தூசியின் கதையை எப்படியும் ஒருநாள் அறிந்துகொள்ளும். அதனை ஆலயம் முன்பே சொல்லியிருந்தால், அப்பிள்ளை தெளிவோடு ஆலயத்தில் நிற்கும். ஆலயம் சொல்லாமல் விட்டு, வட்டத்தைச் சட்டமிட்டு மாட்டியிருந்தால், வட்டத்தை விலக்கும்போது வழிபாட்டையும் சேர்த்தே விலக்கிவிடும். பெரியோர் நல்லெண்ணத்தோடு காத்த ஒரு பிழை, பிள்ளையின் நம்பிக்கைக்கு விலையாக அமைந்துவிடும்.

"தூசியாகவே இருக்கட்டும், அந்தத் துகளை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தியது அவன் அருள் அன்றோ?" என்று கேட்போரும் உண்டு. அணுவிலும் இறைவன் உளன் என்பது சமயக் கொள்கை. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயின் அக்கொள்கைப்படி, வீட்டு முற்றத்தில் தலையணையினின்று பறந்த தூசியிலும் அவனே உளன். ஒரு வட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து அற்புதம் என்பது அக்கொள்கைக்கே குறை சேர்ப்பதாகும்.

உண்மை உரைத்ததால் குன்றிய பக்தி உண்டா?

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் விநாயகர் பால் அருந்துவதாகச் செய்தி பரவி, உலகின் பல பகுதிகளிலும் ஆலயங்களின் முன் மக்கள் திரண்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திய அறிவியலாளர் பாலில் வண்ணம் கலந்து ஊட்டிப் பார்த்தனர். பரப்பு இழுவிசையால் கரண்டியினின்று இழுக்கப்பட்ட பால், சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது வண்ணத்தால் வெளிப்பட்டது. விளக்கம் வந்தபின் விநாயகர் வழிபாடு குறைந்துவிடவில்லை. சதுர்த்திதோறும் கொழுக்கட்டை வேகத்தான் செய்கிறது.

சபரிமலை இதனினும் சிறந்த சான்று. மகர சங்கராந்தி மாலையில் பொன்னம்பலமேட்டில் தோன்றும் மகரவிளக்கு தானே தோன்றும் தெய்வ ஒளி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2011 ஜனவரியில் புல்மேட்டில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து கேரள உயர்நீதிமன்றத்தில் வினா எழுந்தபோது, அவ்விளக்கு மனிதர் ஏற்றுவதே என்பதைத் திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒப்புக்கொண்டது. அதன் பின்னரும் மாலை அணிவோர் அணிகின்றனர். இருமுடி கட்டுவோர் கட்டுகின்றனர். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஐயப்ப பக்தர்கள் சென்றுகொண்டுதான் இருக்கின்றனர். மனிதன் ஏற்றிய தீபம் என்று அறிந்தும் அதனை வணங்குகின்றனர். வீட்டுப் பூசையறை விளக்கை ஏற்றுவதும் மனிதக் கைதானே!

ஆலய நிர்வாகங்கள் செய்யத்தக்கவை

திருவிழா மலர்களிலும் அறிவிப்புப் பலகையிலும் இத்தகைய வட்டப் படங்களை அற்புதம் என்ற தலைப்பில் வெளியிடுவதை நிர்வாகத்தினர் தவிர்த்தல் வேண்டும். பக்தர் ஒருவர் அப்படத்தை ஆவலோடு கொண்டுவந்து கொடுத்தால், அவரை நகையாடாமல், மூலப் படத்தை வாங்கிப் புகைப்படக் கலை அறிந்த ஒருவரிடம் காட்டி, காரணத்தைத் தனியே எடுத்துரைக்கலாம். இளைஞர் பிரிவினர் திருவிழாக்கு முன் ஒருநாள் மாலையில் தூசிச் சோதனையைச் செய்து காட்டினால், பிள்ளைகளுக்கு அது நல்ல பாடமாகவும் விளையாட்டாகவும் அமையும்.

நல்ல படம் வேண்டுவோர்க்கும் சில குறிப்புகள் உண்டு. பிளாஷை அணைத்துவிட்டு, தீபத்தின் ஒளியிலும் மண்டப விளக்கிலும் படம் எடுப்பதே சிறப்பு. அதனால் வட்டமும் விழாது; அலகு குத்தி நிற்பவரின் கண்ணில் வெட்டொளியும் பாயாது. லென்சைத் தூய மென்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். பெரிய விளக்கு சட்டத்தின் ஓரத்தில் விழாதவாறு ஓரடி நகர்ந்து நிற்கலாம். அல்லது உள்ளங்கையால் நிழல் செய்யலாம். பிளாஷ் இன்றியமையாததாயின், கேமராவோடு ஒட்டியிராத தனி விளக்கைச் சற்று எட்டத்தில் பிடிக்கலாம். படம் எடுக்க அனுமதியில்லாத கருவறையின் முன் கேமராவை வெளியில் எடுக்காதிருத்தல் எல்லாவற்றினும் நன்று.

பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்த முதல் திருநாளில் மலையேறியவர்களின் பக்தி, கைத்தொலைபேசியில் எந்த வட்டத்தையும் கண்டு உறுதிப்பட்டதன்று. நாற்பத்தெட்டு நாள் விரதம், காலில் செருப்பின்மை, நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட பால்குடம் ஆகியவற்றில் இருக்கிறது அந்தப் பக்தி. தோளுக்கு மேலே தெரிந்த அந்த வெண்வட்டம், பெரும்பாலும் அப்பக்தரின் மார்பிலோ அருகில் நின்றவரின் நெற்றியிலோ பூசியிருந்த திருநீற்றின் ஒரு துகளாகவே இருக்கக்கூடும். அதனைத் திருநீறு என்றே அறிந்து போற்றுவோர்க்கு எந்த இழப்பும் இல்லை. படத்தை அழிக்கவும் வேண்டியதில்லை. மகன் காவடி எடுத்த நாளின் நினைவாக அது ஆல்பத்தில் இருக்கட்டும். அதன் அடியில் எழுதப்படும் வரி மட்டும் உண்மையாக இருக்கட்டும்.